பிளஸ் ஒன்னில் நீட், ஜேஇஇ: பள்ளியோடு கோச்சிங்கா, வெளியே கோச்சிங்கா, ஆன்லைனா, நாமே படிப்பதா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரமே அப்பாக்களின் செல்போனுக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். "சார், உங்க பையன் ஸ்காலர்ஷிப் டெஸ்ட்ல நல்லா பண்ணியிருக்கான். ஃபீஸ்ல பாதி தள்ளுபடி. ஆனா இந்த வாரத்துக்குள்ள அட்மிஷன் போட்டாத்தான்." அந்த டெஸ்ட் எழுதிய எல்லோருக்கும் ஏதோ ஒரு தள்ளுபடி கிடைத்திருக்கும் என்பது பிறகுதான் தெரியவரும். அவசரப்படுத்துவது அவர்கள் வியாபாரம். இரண்டு வருடம் யோசித்துச் செலவழிக்க வேண்டிய பணத்தையும் நேரத்தையும் நான்கு நாளில் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன். கோச்சிங் சென்டர் போகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், போகாதவர்களும் வருகிறார்கள். எந்த வழியைப் பற்றிக் கேட்டாலும் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன். ஒன்று, இந்த வழியில் போனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளை தனியாக உட்கார்ந்து கணக்குப் போட மிஞ்சும்? இரண்டு, டெஸ்டில் தப்பாகப் போன கேள்வியை அவனோடு உட்கார்ந்து பார்க்கப்போவது யார்? சென்டரின் பெயர், கட்டடத்தில் ஏசி இருக்கிறதா, போன வருடம் எத்தனை ரேங்க் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில், எந்தத் தேர்வு?

இதைத் தீர்க்காமல் எந்தக் கோச்சிங் என்று பேசுவது வீண். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு, பல வீடுகளில் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இங்கே பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 1984 முதல் இருபது வருடத்துக்கு மேல் நாமும் ஒன்றை நடத்தி, 2006-ல் சட்டம் போட்டு நிறுத்தினோம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங். கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் குரோம்பேட்டை எம்ஐடிக்கும் இந்த வழியில்தான் போகிறார்கள். விவசாயப் படிப்பும், கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களும், நர்சிங், பி.ஃபார்ம் போன்றவையும் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். ஆகவே பொதுத் தேர்வைக் கைவிட்டு நுழைவுத் தேர்வுக்கு மட்டும் படிப்பது வட இந்தியப் பிள்ளைக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம். நம் பிள்ளைக்கு அது கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஓடுவது.

அப்புறம், மருத்துவத்துக்கான நீட்டா, ஐஐடி, என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇயா? இரண்டும் வேண்டும் என்பவர்கள் உண்டு. இரண்டிலும் இயற்பியலும் வேதியியலும் பொது என்பது உண்மைதான். ஆனால் நீட்டின் 180 கேள்விகளில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் 360. ஜேஇஇ மெயினில் மூன்றில் ஒரு பங்கு கணக்கு, அதுவும் பிளஸ் டூ பொதுத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுப்பவரையே உட்கார்ந்து யோசிக்க வைக்கும் கணக்கு. இயற்பியலும் ஒரே பாடம் என்றாலும் ஒரே தேர்வு இல்லை. நீட்டில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், 180 நிமிடத்தில் 180. ஜேஇஇ மெயினில் மூன்று மணி நேரத்தில் 75 கேள்வி, ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம். முன்னது வேகம் கேட்கும், பின்னது ஆழம் கேட்கும். பயோ மேத்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு நீட்டும் டிஎன்இஏ என்கிற தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கும் இயல்பாகச் சேரும். கணக்கில் பிடிப்புள்ள பிள்ளைக்கு ஜேஇஇ மெயினும் டிஎன்இஏவும் சேரும். நீட்டையும் ஜேஇஇயையும் ஒரே தலையில் ஏற்றுவது, எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலும் பெற்றோரின் ஆசை.

கணக்கை விட்டுவிட்டு ப்யூர் சயின்ஸ் எடுத்தால் நீட்டுக்கு நேரம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கிடைக்கும்தான். ஆனால் மருத்துவம் கிடைக்காவிட்டால் பொறியியல் கதவும் கிட்டத்தட்ட மூடிவிடும். மருத்துவம் இல்லாவிட்டால் விவசாயம், கால்நடை, நர்சிங், அறிவியல் பட்டப்படிப்பு என்று மனதாரச் சொல்லும் பிள்ளை தாராளமாக எடுக்கட்டும். "முதல்ல நீட், அப்புறம் பார்ப்போம்" என்கிற வீட்டில் கணக்கு இருப்பது நல்லது.

பள்ளி மாற்றும் முன்

கோச்சிங்குக்காகப் பிளஸ் ஒன்னில் பள்ளியையே மாற்றுகிறவர்கள் அதிகம். அவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அப்படியென்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு என்ற சொத்து அதன் கையில் இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் உள்ளிட்ட மற்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "இங்க இருந்தா நீட் எழுத முடியாது" என்று பயந்து, கடனை வாங்கிப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும். இந்த ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைக்கத் தேவைப்படும் மதிப்பெண் பொதுப் போட்டியைவிட நன்றாகவே குறைவு. கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைவிடப் பெரிய ஸ்காலர்ஷிப்பை எந்தத் தனியார் பள்ளியும் தரப்போவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு என் பதில் ஒன்றே: பள்ளியை விடாதீர்கள். மாவட்டந்தோறும் தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன; அங்கே இடம் கிடைத்தால் போகலாம், அதுவும் அரசுப் பள்ளிதான். இல்லையென்றால் இருக்கும் பள்ளியிலேயே அரசின் இலவசப் பயிற்சி, அதற்கு மேல் வெளியே ஒரு டெஸ்ட் சீரிஸ். அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, ஆந்திராவுக்கோ ராஜஸ்தானின் கோட்டாவுக்கோ அனுப்புவது. திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. அந்தத் தமிழ்நாட்டுக்காரர் யார் என்பதை நேட்டிவிட்டி சான்றிதழ் முடிவு செய்வதில்லை, பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினார் என்பதே முடிவு செய்கிறது. விஜயவாடாவில் பிளஸ் டூ முடித்த சேலத்துப் பையன் திருச்சி என்ஐடிக்கு வெளிமாநிலக்காரன். இதைச் சொல்லாமலே அட்மிஷன் போடுகிறார்கள்.

பெயரளவுக்கு ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டு முழு நாளும் கோச்சிங்கில் உட்காரவைக்கும் 'டம்மி ஸ்கூல்' பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சிபிஎஸ்இ 75 சதவீத வருகை கேட்கிறது, திடீர் சோதனை நடத்திப் பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்தும் செய்திருக்கிறது. மாட்டினால் நஷ்டம் பிள்ளைக்கு. வேண்டாம்.

பள்ளியோடு சேர்ந்த கோச்சிங்

நாமக்கல் பாணி என்று சொல்வோமே, ஹாஸ்டல், காலை ஐந்தரைக்கு ஸ்டடி, இரவு பத்தரை வரை ஸ்டடி. இப்போது எல்லா ஊரிலும் இதே அமைப்பு நீட் பெயரில் வந்துவிட்டது. பள்ளியே ஒரு கோச்சிங் நிறுவனத்தோடு கைகோத்து, காலையில் நீட் வகுப்பும் மதியத்துக்கு மேல் பொதுத் தேர்வு வகுப்புமாக நடத்தும்.

நல்ல பக்கம்: அலைச்சல் இல்லை. பேருந்தில் போகும் இரண்டு மணி நேரம் மிச்சம். ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் இரண்டு வரிசையில் நடத்தும் குழப்பமும் குறையும். குறையும் என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. பல பள்ளிகளில் காலை வாத்தியாரும் மதிய வாத்தியாரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. காலையில் சுழல் இயக்கம், மதியம் மின்னோட்டவியல், சாயந்திரம் முந்தின வாரத் தேர்வின் ரிவிஷன். பிள்ளைக்குத் தலை சுற்றும். சேர்க்கும் முன் இரண்டு தரப்பின் பாட அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில்.

என் முதல் கேள்விக்கு இந்த அமைப்பு சுமாராகத்தான் பதில் சொல்கிறது. 'ஸ்டடி ஹவர்' நிறைய உண்டு, ஆனால் அது பிள்ளை தன் பலவீனத்தைப் பார்த்துத் தானே தேர்ந்தெடுத்துப் படிக்கும் நேரமாக இருப்பதில்லை. நாளைய டெஸ்டுக்கு மனப்பாடம் செய்யும் நேரமாகவே போகிறது. யாராவது உட்காரச் சொன்னால்தான் உட்காரும் பிள்ளைக்கு இது உதவும். தானாகப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரும்பாலும் தடை. வீட்டைவிட்டு இருந்தே பழகாத பிள்ளையைப் பதினைந்து வயதில் ஹாஸ்டலில் விட்டு, அதே வருடம் இந்தப் பாடச் சுமையையும் ஏற்றினால் முதல் ஆறு மாதம் அதற்கே போய்விடும்.

தினமும் மாலையா, சனி ஞாயிறா?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளி நாலே காலுக்கு விடுகிறது. மாலைக் கோச்சிங் ஐந்தரை முதல் எட்டரை வரை. வீடு வர ஒன்பதேகால். குளித்து, சாப்பிட்டுப் பத்து மணி. அதற்கு மேல் பள்ளி ரெக்கார்ட் நோட்டு, நாளைய யூனிட் டெஸ்ட். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு மூன்று மணி நேரம் என்று பதினைந்து மணி நேரம் வகுப்பு கேட்டிருப்பான். தானாகக் கணக்குப் போட்டது ஐந்து மணி நேரம் தேறினால் ஆச்சரியம்.

அதையே சனி ஞாயிறு பேட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆறு மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு. வகுப்பு மூன்று மணி நேரம்தான் குறைகிறது. ஆனால் வார நாட்களில் ஆறு மணி முதல் பத்து மணி வரை பிள்ளையின் கையில். சாப்பாடு, பள்ளி வேலை எல்லாம் போனாலும் நாளைக்கு இரண்டரை மணி நேரம் நிற்கும், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்த வித்தியாசம்தான் ரேங்க்கில் தெரிகிறது. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துத் தலையாட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தனியாகப் பேனாவோடு உட்காரும்போதுதான் புரியாதது வெளியே வரும்.

சனி ஞாயிறு பேட்ச்சின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மணி நேரம் ஒரே மூச்சாகக் கேட்டால் கடைசி இரண்டு மணி நேரம் காதில் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் போய்விடும். பொதுத் தேர்வு நெருங்கும் ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும், மோதல் வரும். இருந்தும் ஊரிலேயே படிக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு என் வாக்கு இதற்குத்தான்.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது பேனரைப் பார்க்காதீர்கள். பேனரில் சிரிக்கும் மாணவர் அங்கே இரண்டு வருடம் படித்தாரா, கடைசி மாதம் வெறும் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதினாரா என்று கேளுங்கள். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கே வழிகாட்டுதல் வெளியிட்டது: வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால் அவர் எந்த கோர்ஸ் படித்தார் என்பதையும் போட வேண்டும். போடுகிறார்களா என்று நீங்களே தெருவில் பார்த்துக்கொள்ளலாம். "உங்க பேட்ச்சுக்கு ஃபிசிக்ஸ் யார் எடுப்பாங்க, அவர் போன வருடமும் இங்கே இருந்தாரா?" என்பது இன்னும் நல்ல கேள்வி. இந்தத் துறையில் வாத்தியார்கள் தாவிக்கொண்டே இருப்பார்கள், வருட நடுவில்கூட.

ஆன்லைன்

விலையில் இதை அடிக்க ஆள் இல்லை. நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள், புரியாத இடத்தை நான்கு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஐஐடி கான்பூர் மத்திய கல்வி அமைச்சகத்தோடு சேர்ந்து 2023-ல் தொடங்கிய 'சாத்தீ' (SATHEE) தளம் முழுக்க இலவசம். கோச்சிங்கே இல்லாத ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இது வரம்தான்.

ஆனால் ஆன்லைனை மட்டும் நம்பி இரண்டு வருடம் தாக்குப்பிடித்த பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஜூலை வரை ஒழுங்காக ஓடும். காலாண்டுக்குள் 'பார்க்க வேண்டிய வீடியோ' நாற்பது சேர்ந்துவிடும். அப்புறம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 'முடித்துவிட்டேன்' என்று டிக் அடிப்பது. என் இரண்டாவது கேள்விக்கு ஆன்லைனில் பதிலே இல்லை: தப்பான கேள்விக்குத் தீர்வு வீடியோ உண்டு, நீ ஏன் அந்தத் தப்பைச் செய்தாய் என்று கேட்க ஆள் இல்லை. செல்போனே புத்தகம் என்றாகிவிட்டால் மற்றதும் அதே செல்போனில்தான் இருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயம் பள்ளியில் சரியாக நடக்கவில்லை என்றால் அதை மட்டும் ஆன்லைனில் பார்ப்பது மிக நல்ல வழி.

நாமே படிப்பது

முடியுமா என்றால், நீட்டுக்கு முடியும். ஜேஇஇ மெயினுக்கு நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் பக்கத்தில் இருந்தால் முடியும். ஐஐடிக்கான இரண்டாம் கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டுக்குத் தனியாகத் தயாராவது கடினம். அந்தத் தேர்வு தமிழில் இல்லை, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

நீட் ஏன் முடியும் என்றால், அதன் உயிரியல், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளிலிருந்தே வருகிறது. புத்தகம் இணையத்தில் இலவசம். நம் சமச்சீர்ப் புத்தகங்கள் 2018-19 முதல் மாறிய பிறகு பாடத்தின் பெரும்பகுதி ஒத்துப்போகிறது. என் பரிந்துரை பாடத்துக்குப் பாடம் வேறு. உயிரியலுக்கு என்.சி.இ.ஆர்.டி.யை வரி விடாமல், படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பு உட்பட. வேதியியலில் கனிம வேதியியலுக்கு அதே மாதிரி. இயற்பியலுக்கு நம் புத்தகத்தின் விளக்கமே போதும், சில இடங்களில் அது இன்னும் தெளிவு. ஆனால் கணக்குகள் வேறு இடத்திலிருந்து வர வேண்டும். முந்தைய பத்து வருட வினாத்தாள்களை அத்தியாய வாரியாகப் பிரித்துப் போட்டாலே ஒரு வருட வேலை இருக்கிறது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் மெட்டீரியல் தமிழில் கிடைப்பது அரிது என்பதால், அவர்களுக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். நீட் தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும், சந்தேகம் வந்தால் ஆங்கிலமே செல்லும். ஆகவே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தனியாகப் படிப்பவர்கள் சறுக்குவது பிளஸ் ஒன் பாடத்தில். நுழைவுத் தேர்வுக் கேள்விகளில் ஏறக்குறைய பாதி அங்கிருந்துதான். பிளஸ் ஒன்னை நடத்தாமல் நேரே பிளஸ் டூவுக்குத் தாவும் பழக்கம் பள்ளிகளில் இருந்ததால்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான், ஆனால் பழைய தாவல் திரும்ப வராது என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. பள்ளியில் ஜூன், ஜூலையில் என்ன நடத்துகிறார்கள் என்று ஒரு கண் வைத்திருங்கள். இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் பிளஸ் ஒன்னில் நிற்காவிட்டால், எந்தக் கோச்சிங்கும் பிளஸ் டூவில் அதை ஈடுகட்ட நேரம் கண்டுபிடிக்காது.

எந்த வழியானாலும்: டெஸ்ட்

வழிகளுக்கு இடையில் உள்ள வித்தியாசத்தைவிட, டெஸ்டை எப்படிப் பார்க்கிறோம் என்பதில் உள்ள வித்தியாசம் பெரிது. ஓர் உதாரணம். ஒரு மாணவி மாதிரித் தேர்வில் இயற்பியலில் 45-க்கு 22 சரி, 15 தப்பு, 8 விட்டது என்று வைத்துக்கொள்வோம். சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு. 88-ல் 15 போக 73. வீட்டில் கேட்கும் கேள்வி "ஏன் 73-தான்?" அதற்கு அவள் சொல்லும் பதில் "ஃபிசிக்ஸ் வரலை." அந்தப் பதினைந்து தப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தால் வேறு கதை தெரியும். பாடமே தெரியாதது நான்கு. பத்தின் அடுக்கில் பிசகியது, அலகை மாற்றாமல் விட்டது, கூட்டலில் தவறியது என்று ஆறு. "பின்வருவனவற்றில் தவறான கூற்று எது" என்றதைச் 'சரியான' என்று படித்தது மாதிரியானவை ஐந்து. பின்னால் சொன்ன பதினொன்றுக்கும் புதிதாக ஒரு வகுப்பும் தேவையில்லை. தப்பு ஒன்று சரியானால் கழிவும் போய் 5 மதிப்பெண் ஏறும், பதினொன்றுக்கு 55. 73 என்பது 128 ஆகிறது. இந்தப் பிரிப்பை அவளோடு உட்கார்ந்து செய்ய ஓர் ஆள் வேண்டும். பள்ளி வாத்தியாராக இருக்கலாம், டியூஷன் அக்காவாக இருக்கலாம், போன வருடம் எழுதிய சீனியராகவும் இருக்கலாம். எந்த சென்டர் இதைச் செய்கிறதோ அதுவே நல்ல சென்டர். ஆயிரம் பேருக்கு ரேங்க் லிஸ்ட் ஒட்டுவது இதில் சேராது.

"தெரியாததைத் தொடாதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப்படி அது முழுக்கச் சரியில்லை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடி அடித்தால்கூடச் சராசரியில் கால் மதிப்பெண் ஏறும், அது ஒரு பொருட்டில்லை. ஆனால் இரண்டு விடை கட்டாயம் இல்லை என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றை அடித்தால் சராசரியில் ஒன்றரை மதிப்பெண். அதை விட்டுவிட்டு வருவது நஷ்டம். எதை அடிக்கலாம், எதை விடலாம் என்ற இந்தப் பழக்கம் டெஸ்ட் எழுதி எழுதித்தான் வரும்.

சின்ன விஷயம் ஒன்று. நீட் மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, மே மாத வெயிலில், காகிதத்தில். பல சென்டர்கள் மாதிரித் தேர்வைக் காலை ஒன்பது மணிக்கு வைக்கின்றன. வீட்டில் எழுதும்போதாவது ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு உட்காரவையுங்கள், பால்பாயின்ட் பேனாவால் ஓஎம்ஆர் வட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்லுங்கள். தூக்கம் சொக்கும் நேரத்தில் 180 வட்டம் நிரப்புவது தனிப் பயிற்சி. ஜேஇஇ மெயின் கணினியில். அதற்குத் திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் பழக வேண்டும். ஜனவரி, ஏப்ரல் என இரண்டு வாய்ப்பு, நல்லதை எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் பாடம் முடியாவிட்டாலும் ஒரு தடவை எழுதிவிடுவது நல்லது.

இன்னொரு வருடம்?

நீட்டுக்கு எத்தனை தடவை எழுதலாம் என்ற வரம்பு இல்லை. ஜேஇஇ மெயினைத் தொடர்ந்து மூன்று வருடம் எழுதலாம், அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருடம். வரம்பு இல்லாததால்தான் நீட்டில் லாங் டேர்ம், அதாவது பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடம் முழுக்கக் கோச்சிங், பெரிய தொழிலாகிவிட்டது. பிளஸ் டூ முடித்ததும் 'ரிப்பீட்டர்' ஆவதை முன்கூட்டியே திட்டமாக வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

இங்கே மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் மதிப்பெண்ணின் பொருளே வருடத்துக்கு வருடம் மாறுகிறது. 2024-ல் 720-க்கு 720 என்று ரிசல்ட்டில் 67 பேர் இருந்தார்கள், பிறகு நடந்த சர்ச்சை தெரிந்ததே. 2025-ல் இயற்பியல் கடினமாகி, முதலிடத்துக்கே 686-தான். "500 எடுத்தான், அடுத்த வருடம் 600 வந்துவிடும்" என்ற பேச்சில் பிடிமானம் இல்லை. ரேங்க்கை வைத்துப் பேச வேண்டும்.

நான் பார்ப்பது கடைசி மூன்று மாத மாதிரித் தேர்வுகளை. மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்து, நேரம் போதாமல் தேர்வு வந்துவிட்டது என்றால் இன்னொரு வருடம் பலன் தரும். பிளஸ் ஒன் பாடம் நடக்கவே இல்லை, அதனால் விழுந்தது என்றாலும் தரும். ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்றது, அதே கோச்சிங், அதே மெட்டீரியல் என்றால் இரண்டாம் வருடமும் அங்கேதான் நிற்கும். அந்தப் பிள்ளைக்குக் கவுன்சலிங்கில் கிடைக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், மாமா சித்தப்பா எல்லோரும் கூடியிருக்கும்போது வேண்டாம். கூட்டத்தில் "எழுதுறேன்" என்று தலையாட்டிவிட்டு வருடம் முழுக்க வாய் திறக்காமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கடைசியாகக் கட்டணம். தங்கிப் படிக்கும் கோர்ஸ் என்றால் லட்சங்களில் பேசுவார்கள்; சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இரண்டு வருடத்துக்கும் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம், தவணையிலேயே கட்டுங்கள். காலாண்டுத் தேர்வு முடியும்போது இந்த வழி பிள்ளைக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும், அப்போது மாறக் கைவசம் பணம் இருக்க வேண்டும். பாதியில் விலகினால் மீதி நாட்களுக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. அதைக் காட்டிப் பேசலாம், ஆனால் ரசீதின் பின்பக்கம் 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே புரட்டிப் பாருங்கள்.